இணையத்தில் எதைத் தேடுவது, எங்கே தேடுவது?

எம்மவரின் உடல்நலம், ஓய்வு, முன்னேற்றம் ஆகியவற்றுக்கு உதவும் சில வாசல்கள்

எமக்கு நன்கு அறிமுகமான அன்பர் ஒருவர் பாரிஸ் நகரில் வாழ்கின்றார். 1986 ஆம் ஆண்டில் ஊரைவிட்டுப் புறப்பட்டு வந்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உணவகமொன்றின் சமையலறையில் நின்று உழைத்தவர். மதிய உணவை மாலை நான்கு மணிக்கும் இரவு உணவை நள்ளிரவு தாண்டியும் உண்டு பழகியவர். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு நீரிழிவு உண்டென்று கண்டறியப்பட்டது. மருத்துவர் மாத்திரைகளுடன் உணவு பற்றிய ஒரு தாளையும் கொடுத்து அனுப்பினார். பாண் எத்தனை துண்டு, உருளைக்கிழங்கு எவ்வளவு, பாலாடைக்கட்டி எவ்வளவு என்றெல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தது. புட்டைப் பற்றியோ இடியப்பத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை.

எனவே அன்பர் தமது கைத்தொலைபேசியிடம் கேட்டார். அதுவும் தயங்காமல் பதில் சொன்னது. தமிழில் இனிமையாகப் பேசிய ஒருவர், மாத்திரை நஞ்சு என்றும், தாம் சொல்லும் கசாயத்தை நாற்பது நாட்கள் குடித்தால் நோய் வேரோடு அகலும் என்றும் காணொளியில் உறுதியளித்தார். அன்பர் மாத்திரைகளை நிறுத்தினார். இரண்டு மாதங்களின் பின், வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில், சுரங்க ரயில் நிலையத்தில் மயங்கி விழுந்தார். அவசர வண்டி அவரை மருத்துவமனையில் சேர்த்தது. நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார்.

அவரைப் பார்க்கச் சென்றபோது அவர் எம்மிடம் கேட்ட கேள்வி இதுதான்: "தம்பி, நான் தேடினது பிழையோ?"

தேடியது பிழையன்று, தேடிய இடமே பிழை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அந்தக் கேள்விதான். புலம்பெயர்ந்த எம்மவரின் கைகளில் இன்று தொலைபேசி இல்லாத கை இல்லை. செய்தி கேட்கவும், ஊரில் உள்ள உறவுகளின் முகம் பார்க்கவும் அது பயன்படுகின்றது. ஆயினும் உண்ணும் உணவைச் சீர்செய்யவும், ஓய்வு நேரத்தைப் பயனுள்ளதாக்கவும், ஒத்திப்போட்ட இலக்குகளை எட்டவும் உதவக்கூடிய நம்பகமான இடங்கள் அதே கருவிக்குள் இருப்பதை எம்மில் பலர் அறிவதில்லை. அவற்றுட் பெரும்பாலானவை காசு கேட்பதில்லை. அவற்றில் நாம் பார்த்தறிந்த சிலவற்றை இங்கே தொகுத்துத் தருகின்றோம்.

உணவுத் தட்டு

முதலில் உணவைப் பார்ப்போம். தென்னாசிய மக்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு ஐரோப்பிய மக்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த உண்மை. அதுவும் எமக்கு அந்நோய் இளவயதிலேயே, உடல் அதிகம் பருக்காத நிலையிலேயே வந்துவிடுகின்றது. உயரத்தையும் நிறையையும் கொண்டு கணிக்கும் உடற்திணிவுச் சுட்டெண் 25 ஐத் தாண்டினால் நிறை அதிகம் என்பது பொதுவான கணக்கு. ஆசிய மக்களுக்கு 23 இலிருந்தே ஆபத்து கூடத் தொடங்குகின்றது என உலக சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு 2004 இல் சுட்டிக்காட்டியது. "நான் மெலிந்தவன், எனக்கு வராது" என்று எம்மவர் சொல்வது எவ்வளவு தவறான ஆறுதல் என்பது இதனால் விளங்கும்.

எதை எவ்வளவு உண்பது என்ற கேள்விக்கு மிக எளிதான விடையைக் கனடா அரசின் உணவு வழிகாட்டி தருகின்றது. 2007 இல் வெளியான அதன் முந்திய பதிப்பு தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டிருந்தது. 2019 இல் வந்த புதிய வழிகாட்டிக்கு மொழியே அதிகம் தேவையில்லை. அது ஒரு தட்டின் படம். தட்டில் பாதி மரக்கறியும் பழங்களும். கால்வாசி புரத உணவு. மீதிக் கால்வாசி தீட்டாத தானியம். குடிப்பதற்குத் தண்ணீர். இவ்வளவுதான்.

இந்தப் படத்தை எமது சமையலறைக்குக் கொண்டுவருவது கடினமன்று. எமது வழக்கமான தட்டில் முக்கால்வாசியைச் சோறு பிடித்துக்கொள்ள, ஓரத்தில் ஒரு கரண்டி மரக்கறி ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் திருப்பிப் போட வேண்டும். முருங்கையிலை வறை, கோவாச் சுண்டல், கீரைக் கடையல், வல்லாரைச் சம்பல் ஆகியன பாதித் தட்டை நிரப்பட்டும். பருப்பு, கடலை, மீன், முட்டை ஆகியவற்றில் ஒன்று கால் தட்டில் இருக்கட்டும். சோறோ புட்டோ எஞ்சிய கால்வாசிக்குள் அடங்கட்டும். எமது முன்னோர் உண்ட உணவில் எதையும் நாம் துறக்க வேண்டியதில்லை. அளவை மாற்றினால் போதும்.

அடுத்து, எந்தச் சோறு, எந்த மா என்ற கேள்வி எழுகின்றது. உண்ட உணவு இரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு விரைவாக ஏற்றுகின்றது என்பதை அளக்கும் கிளைசீமிக் சுட்டெண் என்ற முறையை ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்சும் அவரது குழுவினரும் 1981 இல் வெளியிட்டனர். 55 உம் அதற்குக் கீழும் தாழ்ந்த நிலை; 56 முதல் 69 வரை நடுத்தரம்; 70 உம் அதற்கு மேலும் உயர்ந்த நிலை. உலகெங்கும் சோதித்த உணவுகளின் பட்டியலை அவுஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழகம் ஒரு தளத்தில் எவரும் இலவசமாகத் தேடும்படி வைத்துள்ளது. அரிசி என்று அதில் தேடிப் பார்த்தால் ஓர் உண்மை தெரியவரும். எல்லா அரிசியும் ஒன்றன்று. வாசனைக்காக எம்மவர் வாங்கும் தாய்லாந்து மல்லிகை அரிசி பொதுவாக உயர்ந்த நிலையில் நிற்கின்றது. பசுமதியும் புழுங்கலரிசியும் பெரும்பாலும் அதைவிடத் தாழ்ந்த நிலையில் நிற்கின்றன. அதே தளத்தில் பருப்பு, கடலை வகைகளையும் தேடிப் பாருங்கள். அவை தாழ்ந்த நிலையிலேயே அமைந்திருப்பதைக் காண்பீர்கள்.

எமது பாரம்பரிய உணவுகளின் சத்தளவை அறிய விரும்புவோருக்கு ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017 இல் வெளியிட்ட உணவு அட்டவணை உதவும். அதில் 528 உணவுப் பொருட்களின் ஆய்வு முடிவுகள் உள்ளன. குரக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் குரக்கனில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு பசுப்பாலில் உள்ளது ஏறத்தாழ 120 மில்லிகிராம் மட்டுமே. குரக்கன் பிட்டை ஏழையின் உணவு என்று ஒதுக்கிவிட்டு வெள்ளைக் கோதுமை மாவுக்கு மாறியவர்கள் நாம். இப்போது தமிழ்க் கடைகளில் அதே குரக்கன் மாவை விலை கொடுத்து வாங்கத் தொடங்கியிருப்பது நல்ல அறிகுறிதான்.

பெட்டியிலும் போத்தலிலும் அடைத்து வரும் உணவுகளுக்கு வேறொரு துணை உண்டு. ஓப்பன் ஃபூட் ஃபக்ற்ஸ் என்பது 2012 இல் பிரான்சில் தொடங்கப்பட்ட பொதுநலத் திட்டம். அதன் செயலியைத் தொலைபேசியில் இறக்கி, பொருளின் மேலுள்ள கோட்டுக் குறியீட்டைக் கமராவுக்குக் காட்டினால், சீனி, உப்பு, கொழுப்பு ஆகியவற்றின் அளவு திரையில் தோன்றும். முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் அதில் பதிவாகியுள்ளன. பிரான்சில் 2017 முதல் நடைமுறையிலுள்ள நியூற்றி-ஸ்கோர் தரமும் அதில் தெரியும். பச்சை நிற ஏ சிறந்தது. சிவப்பு நிற ஈ தவிர்க்கத்தக்கது. எமது கடைகளில் விற்கும் மிக்சரோ ஊறுகாயோ அதில் இல்லாவிட்டால், பெட்டியைப் படமெடுத்து நாமே சேர்த்துவிடலாம். அடுத்து வாங்குபவருக்கு அது உதவும்.

உப்பையும் சீனியையும் பற்றி ஒரு சிறு கணக்கு. வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே உட்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஒரு தேக்கரண்டி. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் ஆகியன ஒரே வேளையில் தட்டில் கூடினால் அந்த எல்லை எப்போது தாண்டப்பட்டது என்பதே தெரியாது. சீனியிலும் அப்படியே. தேநீருக்கு இரண்டு தேக்கரண்டி சீனி வீதம் நாளுக்கு ஐந்து தேநீர் என்றால் 40 கிராம். சேர்க்கும் சீனியை முடிந்தால் 25 கிராமளவில் நிறுத்துவது நன்று என்கிறது அதே நிறுவனம். தேநீரே எமது வரம்பைத் தாண்டிவிடுகின்றது!

சுவிற்சர்லாந்தில் வாழும் எம்மவருக்கு ஒரு சிறப்பு வசதி உண்டு. அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் நடத்தும் மிகெஸ்பிளஸ் என்ற தளத்தில் நோய், மருத்துவக் காப்புறுதி, உணவு, முதியோர் நலன் பற்றிய கைநூல்கள் பல மொழிகளில் கிடைக்கின்றன. அவற்றுட் பல தமிழிலும் உண்டு. வேறு நாடுகளில் உள்ளோரும் அவற்றைப் படிக்கலாம். காப்புறுதி விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், உடல் மாறாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் உணவைத் திடீரென மாற்றினால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடக்கூடும். மாற்றத்துக்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். தளத்தில் கண்ட பட்டியலை அச்சிட்டுக் கொண்டுபோய் அவருக்குக் காட்டுங்கள். புட்டு என்றால் என்னவென்று அவருக்கும் அப்போதுதான் தெரியவரும்.

உடலை அசைத்தல்

கிழமைக்கு 150 நிமிடங்களாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலில் கூறியுள்ளது. நாளுக்கு அரை மணி நேரம் வீதம் ஐந்து நாட்கள் வேகமாக நடந்தால் கணக்குச் சரி. "நாள் முழுதும் நின்றுதானே வேலை செய்கிறோம்" என்று எம்மவர் சொல்வதுண்டு. நிற்பது களைப்பைத் தரும். இதயத்துக்குப் பயிற்சி தராது.

நடப்பவர்கள் ஓடவும் விரும்பினால் பிரித்தானியத் தேசிய சுகாதார சேவையின் 'கவுச் ற்று ஃபைவ் கே' என்ற செயலி உண்டு. சாய்வு நாற்காலியில் கிடந்தவரை ஐந்து கிலோமீற்றர் ஓட வைப்பது என்பது அதன் பெயரின் பொருள். 1996 இல் அமெரிக்கரான ஜொஷ் கிளார்க் வகுத்த முறையே அதற்கு அடிப்படை. ஒன்பது கிழமைகள், கிழமைக்கு மூன்று நாட்கள். முதற் கிழமையில் ஐந்து நிமிட நடைக்குப் பின் ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று மாறி மாறிச் செல்லும். ஒரு நிமிடம் ஓட முடியாதவர் மிகச் சிலரே. ஐம்பது வயதைத் தாண்டியவர்களும் இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்ட பின்னரே தொடங்குதல் நன்று.

பொழுதும் போக்கும்

ஊரில் எமக்குப் பொழுதுபோக்கு என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. வாசிகசாலை இருந்தது; கோயில் வீதி இருந்தது; பின்வளவில் தோட்டம் இருந்தது. இங்கே வேலையும் வீடுமாக வாழ்ந்து, ஓய்வு பெற்றதும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை பலருக்கு ஏற்பட்டுள்ளது. தனிமை என்பது நோயாகவே வளரக்கூடியது. அந்தத் தனிமைக்கு இணையம் முழு மருந்தாகாது. எனினும் கதவொன்றைத் திறந்துவிடும்.

முதலில் வாசிப்பு. 1981 ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த இழப்பை எம் தலைமுறை மறக்காது. 2005 இல் இளைஞர்கள் சிலர் இணையத்தில் தொடங்கிய 'நூலகம்' திட்டம், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் படிமங்களாக்கிச் சேர்த்து வருகின்றது. இன்று ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் அங்கே உள்ளன. உங்கள் ஊர்ப் பாடசாலையின் ஆண்டு மலரையோ, இளமையில் நீங்கள் படித்த சஞ்சிகையின் இதழையோ அங்கே தேடிப் பாருங்கள். காசு கேட்காது, கடவுச்சீட்டும் கேட்காது. உங்கள் அலுமாரியில் பழைய இதழ்களோ மலர்களோ இருப்பின் அவற்றை எறிந்துவிடாமல் அத்திட்டத்துக்கு அறிவியுங்கள்.

சங்க நூல்கள் முதல் அண்மைக்கால நூல்கள் வரை தட்டச்சிட்டு வழங்கும் 'மதுரைத் திட்டம்' 1998 பொங்கல் நாளில் தொடங்கியது. அதை முன்னின்று தொடங்கிய கலாநிதி கு. கல்யாணசுந்தரம் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றியவர். தமிழகத்திலிருந்தும் ஈழத்திலிருந்தும் உலகெங்கும் பரந்தவர்கள் ஆளுக்கொரு நூலாகத் தட்டச்சிட்டு வளர்த்த திட்டம் அது. கண் மங்கியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கலாம் என்பது அச்சு நூலில் இல்லாத வசதி.

எழுத விரும்புவோருக்குத் தமிழ் விக்கிப்பீடியா இருக்கின்றது. 2003 இல் தொடங்கிய அதில் இன்று ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் உண்டு. அதன் தொடக்க காலத்தில் அடித்தளம் இட்டவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் மயூரநாதன். அபுதாபியில் தொழில் புரிந்துகொண்டே, ஓய்வு நேரத்தில் எழுதியவர். உங்கள் ஊர்க் குளத்தைப் பற்றியோ கோயிலைப் பற்றியோ அங்கே கட்டுரை உண்டா என்று பாருங்கள். இல்லையெனில், அச்சில் வந்த சான்றுகளைக் கொண்டு எழுதத் தொடங்கலாம்.

அடுத்தது தோட்டம். பிரான்சில் 1896 இல் லெமீர் என்ற பாதிரியார், தொழிலாளருக்குச் சிறு நிலத்துண்டுகளைத் தோட்டம் செய்யக் கொடுக்கும் இயக்கத்தைத் தொடங்கினார். ஜேர்மனியிலும் பிரித்தானியாவிலும் இத்தகைய தோட்டங்கள் உண்டு. உங்கள் நகரசபையின் தளத்தில் விண்ணப்பிக்கும் முறையைக் காணலாம். காத்திருப்புப் பட்டியல் நீண்டதாக இருக்கும். எனவே இன்றே பதிவது நல்லது. பிரித்தானியாவின் அரச தோட்டக்கலைச் சங்கம் நடத்தும் தளத்தில் எந்தச் செடிக்கு எவ்வளவு வெயில், எவ்வளவு நீர் என்ற விபரங்கள் உண்டு. எம்மவர் அனுபவத்தில் அறிந்த ஒன்றையும் சொல்லிவிடுகின்றோம். தண்டுக்கீரை விதையை மே மாத நடுப்பகுதிக்கு முன் வெளியே தூவக் கூடாது; உறைபனி ஒரே இரவில் கொன்றுவிடும். கறிவேப்பிலையைச் சாடியில் வளர்த்து, இரவில் வெப்பம் 10 பாகைக்குக் கீழ் இறங்கும் போது உள்ளே எடுத்துவிட வேண்டும். குளிர்காலத்தில் இலை கொட்டினால் செடி செத்ததென்று எண்ணி எறிய வேண்டாம். நீரைக் குறைத்து, வெளிச்சமான யன்னலோரம் வைத்தால் பெரும்பாலும் வசந்தத்தில் மீண்டும் துளிர்க்கும்.

பூங்காவில் நடக்கும்போது பெயர் தெரியாத மரத்தைக் கண்டால், பிரான்சின் ஆராய்ச்சி நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய பிளான்ற்நெற் செயலியால் இலையைப் படமெடுங்கள். அது என்னவாக இருக்கக்கூடும் என்று பெயர் சொல்லும். ஆனால் அது சொல்வதை நம்பி எந்தக் காளானையும் காயையும் உண்ணலாகாது. பறவையின் குரலைக் கேட்டு இனங்காட்டும் மெர்லின் என்ற செயலியை அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகம் இலவசமாக வழங்குகின்றது. இந்நாட்டில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தும் இங்குள்ள பறவைகளில் ஐந்தின் பெயர் கூட எமக்குத் தெரியாது. பேரப்பிள்ளையோடு சேர்ந்து கற்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேறில்லை.

சதுரங்கம் ஆடுவோருக்கு லிசெஸ் என்ற தளம் உண்டு. பிரெஞ்சுக்காரரான திபோ டுப்ளெசி 2010 இல் தொடங்கியது. விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை, நன்கொடையால் நடக்கின்றது. 2024 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ் தமது 18 ஆவது வயதில் உலக வாகையர் ஆன பின் எமது பிள்ளைகளிடையே இவ்விளையாட்டில் ஆர்வம் பெருகியுள்ளது. பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்குள் அவர்கள் நழுவிப் போகாமல் இத்தகைய இடத்துக்கு அழைத்துச் செல்வது பெற்றோர் பொறுப்பு.

ஒத்திப்போட்ட இலக்குகள்

எம்மவர் பலரின் நெஞ்சில் ஒரு பட்டியல் கிடக்கின்றது. மொழி படிக்க வேண்டும். குடியுரிமை எடுக்க வேண்டும். பிள்ளைக்குத் தமிழ் கற்பிக்க வேண்டும். வேலை விட்ட பிறகு பார்க்கலாம் என்று ஆண்டுகள் போய்விட்டன. சட்டங்களோ காத்திருப்பதில்லை. பிரான்சில் 2026 ஜனவரி 1 முதல் குடியுரிமை கோருவோர் பி2 நிலைப் பிரெஞ்சு அறிவைக் காட்ட வேண்டும். பத்தாண்டு வதிவிட அட்டையை முதன்முதலாகக் கோருவோருக்கு பி1 நிலை வேண்டும். இது சமையலறைப் பிரெஞ்சால் தாண்டக்கூடிய மதில் அன்று.

பிரெஞ்சுக்கு ரிவி5மொந்த் நிறுவனத்தின் கற்கைத் தளம் ஏ1 முதல் பி2 வரை இலவசப் பயிற்சிகளைத் தருகின்றது. ஆர்.எஃப்.ஐ. வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தியறிக்கை பத்து நிமிடமே நீள்வது. வேலைக்குப் போகும் ரயிலில் கேட்கலாம். ஜேர்மன் மொழிக்கு டொச்ச வெல்லயின் 'நிக்கோஸ் வேக்' என்ற தொடர் உண்டு. அந்நாட்டுக்குப் புதிதாக வந்து தடுமாறும் இளைஞன் ஒருவனின் கதையாகவே அது ஏ1 முதல் பி1 வரை மொழியைக் கற்பிக்கின்றது. எமக்கு மிகவும் பழகிய கதைதான்! நோர்வேயில் உள்ளோருக்கு துரொண்ட்ஹெய்ம் பல்கலைக்கழகத்தின் இலவசப் பாடங்கள் உண்டு, ஆங்கிலத்துக்குப் பி.பி.சி.யின் ஆங்கிலக் கற்கைத் தளம் உண்டு.

குடியுரிமைப் பரீட்சைக்கும் காசு கொடுத்துப் புத்தகம் வாங்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. ஜேர்மனியில் பரீட்சைக்குரிய 310 கேள்விகளும் அரசின் தளத்திலேயே உள்ளன. அவற்றிலிருந்து 33 கேட்கப்படும். 17 சரியானால் சித்தி. கனடாவில் 20 கேள்விகள். 15 சரியாக வேண்டும். கைநூல் அரசின் தளத்தில் இலவசம். 55 வயதானோருக்குப் பரீட்சையே இல்லை. பிரித்தானியாவில் 24 கேள்விகளில் 18 சரியாக வேண்டும். 65 வயதானோருக்கு விலக்கு உண்டு. இந்த வயது விலக்குகள் தெரியாமலே பயந்து ஒதுங்கியிருக்கும் முதியவர்களை நாம் சந்தித்திருக்கின்றோம்.

பிள்ளைகளின் தமிழுக்கு, தமிழ்நாடு அரசு 2001 இல் தொடங்கிய இணையப் பல்கலைக்கழகம், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், பாடங்களும் நூல்களும் அகராதிகளும் வழங்குகின்றது. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்கு அது மாற்றன்று, துணை.

எந்த இலக்கானாலும் பழக்கமாகாவிடின் நிலைக்காது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில், புதிய செயலொன்று தானாகவே நிகழும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்கள். சிலருக்கு 254 நாட்கள் ஆகும் எனவும் கணிக்கப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய கேடு ஏற்படவில்லை என்பது அவ்வாய்வு தரும் ஆறுதல். ஆகவே "இன்று தவறிவிட்டது, இனி எதற்கு" என்று கைவிட வேண்டாம். சுவரில் ஒரு நாட்காட்டியைத் தொங்கவிட்டு, செய்த நாளில் ஒரு புள்ளி இடுங்கள். அதற்குச் செயலியும் தேவையில்லை.

நம்புவதற்கு முன்

இனி, எமது அன்பரை மயங்கி விழவைத்த இடத்துக்குத் திரும்புவோம். ஒரு தளத்தையோ காணொளியையோ நம்புவதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொல்பவர் யார்? அவரது கல்வித் தகுதியும் நிறுவனமும் வெளிப்படையாக உள்ளனவா? சொல்வதால் அவருக்கு என்ன இலாபம்? இறுதியில் ஒரு புட்டியை விற்கிறாரெனில் முன்பு சொன்னதெல்லாம் விளம்பரமே. எப்போது எழுதப்பட்டது? சட்டமும் மருத்துவமும் மாறுபவை. மருந்தை நிறுத்தச் சொல்கிறாரா? ஆமெனில் அந்தக் கணமே மூடிவிடுங்கள். உங்கள் உடலைத் தொட்டுப் பார்க்காதவர் உங்கள் மருந்தை நிறுத்த உரிமையற்றவர்.

அகதிகளாக வந்த எமக்கு இன்னுமொரு கவனம் வேண்டும். அரசியற் தஞ்ச வழக்கின் பத்திரங்களையோ, வதிவிட அட்டையின் படத்தையோ, வங்கி விபரத்தையோ அறியாத தளத்திலும் அறியாத செயலியிலும் பதிவேற்றக் கூடாது. 'இலவசமாக விண்ணப்பம் நிரப்பித் தருகிறோம்' என்று கேட்டாலும் கொடுக்கக் கூடாது. அரசின் தளம்தானா என்பதைப் பிள்ளைகளைக் கொண்டோ, நகரசபையில் கேட்டோ உறுதி செய்த பின்னரே தொடருங்கள். இணைய வசதி இல்லாதவர்கள் பொது நூலகத்துக்குச் செல்லலாம். பல நகரங்களில் அங்கே கணினி இலவசம். ரொறன்ரோ போன்ற நகரங்களில் தமிழ் நூல்களும் உண்டு.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்

இதையெல்லாம் முதியவர்கள் தனியே செய்துவிட முடியாது. பெற்றோருக்குப் புதிய தொலைபேசியை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததென்று எண்ணும் பிள்ளைகள் பலர். ஞாயிற்றுக்கிழமைகளில் அரை மணி நேரம் அவர்கள் அருகில் அமருங்கள். எழுத்தைப் பெரிதாக்கி வையுங்கள். மேற்கூறியவற்றுள் அவர்களுக்கு வேண்டிய இரண்டை மட்டும் முகப்பில் பதித்துக் கொடுங்கள். உங்களுக்கு நடக்கக் கற்றுத் தந்தவர்கள் இதைக் கற்றுக்கொள்ளச் சிறிது நேரம் எடுப்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எமது அன்பரை அண்மையில் அவரது வீட்டிற் சந்தித்தோம். மாத்திரைகளை ஒழுங்காக எடுக்கிறார். மகள் தயாரித்துக் கொடுத்த பட்டியலொன்று குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டுள்ளது. ஒரு பக்கம் தமிழில், மறுபக்கம் பிரெஞ்சில். புட்டு, இடியப்பம், சொதி என்று ஒவ்வொன்றின் அளவோடும். மருத்துவரும் அதைப் பார்த்துத் திருத்தியிருக்கிறார். அதில் ஒரு பிரதியை அவர் தமது சிகிச்சையறைக்கென வாங்கி வைத்துக்கொண்டாராம், அடுத்து வரும் தமிழர்களுக்குக் கொடுப்பதற்காக.

தேடியது பிழையோ என்று கேட்ட அதே மனிதர், எமக்குச் சீனியில்லாத் தேநீரை நீட்டியபடி சொன்னார்: "தம்பி, குடிச்சுப் பாரும். ஒரு மாதத்திலை பழகிடும்."

எமக்கு இன்னும் பழகவில்லை. எனினும் நாட்காட்டியில் புள்ளியிடத் தொடங்கியிருக்கின்றோம்.